கொம்பு முளைத்த எழுத்து

மறுபடியும் கொம்பு முளைத்துவிட்டது. லேப்டாப் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கிவர வேண்டிய ஆங்கில ஏ, தலைமேல் ஒரு சாய்ந்த கோட்டைத் தூக்கிக்கொண்டு, வேறு ஏதோ தேசத்து எழுத்து மாதிரி வந்து நின்றது. வசுமதி அதை முறைத்தாள். காலையில் எவ்வளவு ஒழுங்காக வந்தது. அம்மா காலித் தூளிக்குப் பக்கத்தில் நின்று கைதட்ட, ஒரு தட்டுக்கு ஓர் ஏ, இன்னொரு தட்டுக்கு இன்னொரு ஏ, ஒவ்வொன்றுக்கும் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை உறுமியது. உறுமல் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது, அது புத்தகத்தில் படித்த சொல். துடித்தது என்று வைத்துக்கொள்ளலாம், உள்ளங்கைக்குள் பிடித்துவைத்த தட்டான் மாதிரி. இப்போது மதியம், தட்டான் செத்துவிட்டது. தூளிக் கயிற்றின் உச்சியில், உத்தரக் கொக்கிக்குப் பக்கத்தில் கட்டியிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் டப்பாவை அவள் அண்ணாந்து பார்த்தாள். உள்ளே ஒரு மைக், எட்டுக் கால் வைத்த ஒரு சில்லு, ஒரு ரேடியோ. குழந்தை அழுதால் மைக்குக்குத் தெரியும், சில்லு ஏ என்று ஒரே ஓர் எழுத்தை அனுப்பும், அழுகைக்கு ஏ, பட்டை அதை வாங்கிக்கொண்டு துடிக்கும், அவ்வளவுதான் வேலை. பிறந்ததிலிருந்து எதையும் கேட்டறியாத ஒரு தாயும், அவளைப் போலவே எதையும் கேட்டறியாத ஒரு தகப்பனும் ஒரு குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு கண்ணை மூட இது போதும். ஏ தவிர வேறெது வந்தாலும் குப்பை என்று பட்டை தள்ளிவிடும். அப்படி எழுதியது அவளேதான், தெருவில் போகிற ரேடியோவெல்லாம் தன் கையைத் தட்டக் கூடாது என்று. இப்போது கொம்பு வைத்த ஏ வருகிறது, பட்டை அதை ஏ இல்லை என்கிறது. பட்டை சொல்வது சரி. தான் எழுதிக்கொடுத்த சட்டத்துக்கு அது நேர்மையாக நிற்கிறது. ஆனால் அந்த நேர்மைக்கு நடுவில் குழந்தை ஆதிரை அழுதுகொண்டிருப்பாள். ஆதிரை இப்போது அழவில்லை, தூங்குகிறாள், தூளியின் சேலை மடிப்புக்கு வெளியே ஒரு குதிகால் மட்டும் தெரிகிறது, நாவல்பழக் கலரில் மை தடவிய ஒரு பொட்டு அந்தக் குதிகாலில், அம்மா வைத்தது.

அம்மா நாளைக்குப் போகிறாள். போளூரில் பெண்கள் விடுதியில் சமையல் வேலை அவளுக்கு, திங்கட்கிழமை விடுதி திறக்கிறது. மூன்றாம் மாதம் முடிந்து மகளையும் பேத்தியையும் ராணிப்பேட்டையில் விட்டுவிட்டுப் போக வந்தவள், இன்றைக்குப் போகிறேன் நாளைக்குப் போகிறேன் என்று இத்தனை நாள் இருந்துவிட்டாள். அந்த நாளுக்குப் பிறகு போக அவளுக்கு மனசு வரவில்லை. அந்த நாள் என்று நினைத்ததும் வசுமதியின் விரல் விசைப்பலகையில் நின்றுவிட்டது. இதுதான் கெட்ட பழக்கம், எங்கே சுற்றினாலும் அங்கே வந்து தடுக்குவது. அம்மா கடைக்குப் போயிருந்தாள். தான் மாடியில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். காற்று நன்றாக இருந்தது, கொடியில் குழந்தைத் துணி வரிசையாக ஆடுவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள்கூட. அதைத்தான் இப்போதும் திரும்பத் திரும்ப நினைக்கிறாள், நின்று பார்த்ததை, சந்தோஷமாக. இறங்கி வந்தால் தூளிக்குள் ஆதிரையின் முகம் செங்கல் நிறத்தில், மூக்கும் கண்ணும் ஒன்றாக வழிந்து, வாய் திறந்து, திறந்த வாயில் காற்றுகூட வராமல். எவ்வளவு நேரம். யாரிடம் கேட்பது, குழந்தையிடமா. பக்கத்து வீட்டில் அன்றைக்குப் பூட்டு. கொஞ்ச நேரம்தான் இருக்கும் என்றான் தணிகைவேல், இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டி. அவன் அவளுடைய புருஷன், அவள் முகம் பார்த்துச் சொன்னது அது. அம்மா அப்படிச் சொல்லவில்லை. அம்மா குழந்தையின் தொண்டையில் கை வைத்துப் பார்த்தாள், கம்மிப்போய்க் கிடக்குது என்றாள். மறுநாள் அவளை எதிரில் உட்காரவைத்து, வாயை ஒவ்வொரு சொல்லுக்கும் அகலத் திறந்து, சொன்னாள்: "கொயந்தய நான் இட்டுனு போறன். நடக்கற வரைக்கும். ஆஸ்டல்ல அத்தினி பொண்ணுங்க கீது, ஆளுக்கு ஒருத்தியா வச்சினு இருக்கும்." வசுமதி எழுந்து, அலமாரியின் அடியில் வைத்திருந்த சால்டரிங் அயர்னை எடுத்தாள். பதில் அதுதான். இன்வெர்ட்டர் கம்பெனியில் போர்டு சோதிக்கும் மேஜையில் இருந்தவள் அவள், பிரசவத்துக்கு முந்தி. வீட்டிலும் இந்தச் சின்னச் சில்லுகளை வாங்கி எதையாவது செய்துகொண்டிருப்பாள், தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் விளக்கு எரிய, வாசலில் ஆள் நின்றால் விளக்கு எரிய. அவள் வீட்டில் எல்லாம் விளக்காகத்தான் எரியும். ஆனால் தூங்குகிறவளை விளக்கு எழுப்பாது, துணி துவைக்கிறவளுக்கு விளக்கு தெரியாது. அதனால்தான் பட்டை. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். நம்பவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஒன்று மட்டும் சொன்னாள், கரண்டு சாமான் கொயந்தைக்குக் கிட்ட வரக் கூடாது, மேலே கட்டு.

திரையில் இன்னொரு கொம்பு. சோதனைக்காக, சத்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சில நொடிக்கு ஓர் ஏ அனுப்பு என்று டப்பாவுக்குச் சொல்லியிருந்தாள். அது பாட்டுக்கு அனுப்புகிறது. அனுப்புகிறவன் ஏ என்றுதான் அனுப்புகிறான், வாங்குகிறவன் வேறு என்கிறான், நடுவில் யார் பொய். யாரும் பொய் இல்லை. டப்பாவில் இருக்கிற சில்லுக்கும் பட்டையில் இருக்கிற சில்லுக்கும் பொதுவான கடிகாரம் கிடையாது, அதுதான் இந்தப் பேச்சின் அழகும் தொல்லையும். இன்ன வேகத்தில் பேசுவோம் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறார்கள். அனுப்புகிறவன் முதலில் கையைக் கீழே இறக்குகிறான், இதோ ஆரம்பிக்கிறேன் என்று. அந்த நொடியிலிருந்து வாங்குகிறவன் தன் நாடியை வைத்து எண்ணிக்கொண்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு தடவை எட்டிப்பார்க்கிறான், கை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா. எட்டு தடவை எட்டிப்பார்த்தால் ஓர் எழுத்து. இரண்டு பேர் நாடியும் ஒன்றாக ஓடினால் சரி. ஒருவன் துளி வேகமாகப் போனால், முதல் பார்வையில் தெரியாது, இரண்டாவதில் தெரியாது, போகப் போக விலகி, கடைசிப் பார்வையில் இவன் பார்க்கும்போது அவன் பேசி முடித்துக் கையைத் தூக்கியிருப்பான். அந்தத் தூக்கிய கைதான் கொம்பு. கடைசி மட்டும் தப்பு, மற்ற ஏழும் சரி. அதைக் கண்டுபிடித்ததும் நேற்று அவளுக்குச் சிரிப்பு வந்தது, கல்யாணமான புதிதில் தணிகைவேலும் தானும் பேசிக்கொண்டது இப்படித்தானே. அவன் சென்னைப் பள்ளியில் படித்தவன், கை அவ்வளவு வேகம். அவள் வீட்டுச் சைகையில் வளர்ந்தவள், நிதானம். அவன் ஒரு கதையை ஆரம்பித்தால் கடைசியில் யார் யாரை அடித்தார்கள் என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடாது. தலையை ஆட்டிவைப்பாள். ஒருநாள் அவன் கண்டுபிடித்துவிட்டான், சோற்றுக் கையோடு எழுந்து வந்து எதிரில் சப்பணமிட்டு, அதே கதையை நத்தை மாதிரி சொன்னான், பருப்பு காய்ந்து விரலில் ஒட்ட ஒட்ட. யாரும் யாரையும் அடிக்கவே இல்லை, பஸ்ஸைத் தவறவிட்ட கதை அது. அன்றைக்குத்தான் இவனோடு இருந்துவிடலாம் என்று முழுசாகத் தோன்றியது, கல்யாணமாகி மூன்று வாரம் கழித்து.

அது சரி, ஆனால் காலையில் ஒன்றாக ஓடிய நாடி மதியம் ஏன் விலகுகிறது. நேற்றும் இப்படித்தான், முந்தாநாளும். பேட்டரி இறங்கியிருக்கும் என்று மாற்றினாள், கொம்பு போகவில்லை. ஒயர் பற்று விட்டிருக்கும் என்று சில்லின் எட்டுக் காலையும் திரும்பச் சுட்டு ஒட்டினாள், போகவில்லை. டப்பாவைக் கழற்றி மேஜைக்குக் கொண்டுவந்து மின்விசிறிக்குக் கீழே வைத்தால் ஒழுங்காக வருகிறது, சுத்தமான ஏ, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையில். அப்பாடா என்று மேலே கொண்டுபோய்க் கட்டினால் கொஞ்ச நேரம் வரைக்கும் சரி, பிறகு ஒரு கொம்பு, பிறகு எல்லாமே கொம்பு. மேலே கட்டினால் மட்டும் கெட்டுப்போகிற சாமான். கயிறு ஆடுவதாலா. கொக்கியின் இரும்பாலா. ரேடியோவுக்கு இரும்பு ஆகாது என்று எங்கோ படித்திருக்கிறாள், ஆனால் ரேடியோ கெட்டால் எழுத்து வராமலே போகும், இப்படிக் கொம்பை மட்டும் பார்த்து வைக்காது. இணையத்தில் இந்தச் சில்லுக்காரர்கள் கூடும் இடத்தில் கேள்வி எழுதிப்போட்டாள். அங்கே எல்லாரும் எழுத்தில்தான் பேசுவார்கள், அவளுக்குப் பிடித்த இடம், அங்கே யாரும் வாயை அகலத் திறப்பதில்லை. ஒருவர் வேகத்தைக் குறை என்றார். குறைத்தாள். கொம்பு குறையவில்லை. குறையாது, விலகல் நூற்றுக்கு இத்தனை என்றால் மெதுவாகப் பேசினாலும் நூற்றுக்கு இத்தனைதான், அதை எழுதிய பிறகுதான் அவளுக்கே புரிந்தது. அம்மாவின் உதடு மாதிரி. மாமா வந்துகீறாரு என்று அம்மா எவ்வளவு நிதானமாகச் சொன்னாலும் அது பாப்பா வந்துகீறாரு என்றுதான் தெரியும், மாவும் பாவும் உதட்டில் ஒன்று. சின்ன வயசில் மாமா வருகிற அன்றைக்கெல்லாம் அவள் பாப்பாவைத் தேடிக்கொண்டு வாசலுக்கு ஓடியிருக்கிறாள், தொப்பை வைத்த ஓர் ஆள் வந்து நிற்பார், பாப்பா எங்கே என்று அவர் பையைக்கூடப் பார்த்திருக்கிறாள்.

தரை அதிர்ந்தது. இரண்டு தட்டு. அம்மா காலால் தட்டிக் கூப்பிடுவது அது. திரும்பினாள். சமையலறை வாசலில் நின்று அம்மா கையை வாயருகே கொண்டுபோய்க் காட்டினாள், சாப்பிட வா. அப்புறம் என்று வசுமதி கையை மடக்கினாள். அம்மா நெற்றியைச் சுருக்கி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, மேலே கூரையைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனாள். என்ன சொன்னாள். உதட்டில் பாதிதான் கிடைத்தது, அடுப்பு என்ற மாதிரி ஒன்று. வசுமதி ஸ்டூலைத் தூளிக்கு ஓரமாகப் போட்டு ஏறினாள், ஒயரை மறுபடி பார்க்கலாம் என்று, வேறு செய்ய ஒன்றும் இல்லாததால். தலை கூரையருகே போனதும் முகத்தில் அடித்தது. இட்லிப் பானையின் மூடியைத் திறந்த மாதிரி, ஈரமில்லாத ஆவி. கத்திரி முடிந்தது என்று காலண்டர் சொல்கிறது, மொட்டை மாடிக்கு அது தெரியவில்லை, காலையிலிருந்து வாங்கிய வெயிலையெல்லாம் கீழே கக்கிக்கொண்டிருந்தது. டப்பாவைத் தொட்டாள். சூடு. மூடியைத் திறந்து சில்லின் முதுகில் விரலை வைத்தாள், விரல் தானாகப் பின்வாங்கியது. காலையில் சரி. மேஜையில் சரி. மேலே கட்டினால் கொஞ்ச நேரம் சரி. அவள் ஸ்டூலிலேயே நின்றாள். அடுப்பு. அம்மா சொன்னது அதுதான், கூரை அடுப்பு மாதிரி கீது.

இறங்கிப் போய் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு எவர்சில்வர் தம்ளரை எடுத்தாள், மோர் ஊற்றி வைத்தது, வெளியெல்லாம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. துணியில் துடைத்துக்கொண்டு மேலே ஏறி, சில்லின் முதுகில் தம்ளரின் அடியை வைத்துப் பிடித்தாள். மோர் தளும்பியது, கீழே குழந்தையின் மேல் ஊற்றிவிடப் போகிறோம் என்று முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டாள். எட்டிப் பார்த்தால் மேஜையில் திரை தெரியும். கொம்பு, கொம்பு, கொம்பு. கொம்பு. பிறகு ஓர் ஏ, வெறும் தலையோடு. இன்னொன்று. இன்னொன்று. அவளுக்குத் தொண்டையில் ஏதோ அதிர்ந்தது, தான் சிரித்திருக்க வேண்டும், அல்லது கத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் அம்மா கரண்டியோடு ஓடிவந்து, ஸ்டூல்மேல் மோரும் கையுமாக நிற்கிற மகளைப் பார்த்து, "இன்னாடி பண்ற, எறங்கு, கொயந்த மேல வுயப்போற" என்றாள். "சூடு" என்று வசுமதி ஒரு கையால் காட்டினாள். "அதுக்குச் சூடு ஆகாது." அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அதத்தான நான் அப்போவே சொன்னன்."

பாவம், அதன் தப்பில்லை. அந்தச் சில்லுக்குள் இருக்கிற கடிகாரம் மலிவானது, தயாரிக்கும்போதே இம்மி முன்னேபின்னேதான் இருக்கும். இவளிடம் வந்தது எல்லையில் நிற்கிற ஒன்று, காலையில் எப்படியோ சமாளித்தது, சூடு ஏறினால் நாடி படபடவென்று ஓடி எல்லையைத் தாண்டியது. காய்ச்சலில் பேசுகிறவன் மாதிரி. டப்பாவைத் தாழ்வாகக் கட்டலாம், அம்மா விடமாட்டாள். அம்மா போன பிறகு தாழ்வாகக் கட்டலாம், ஆனால் அம்மா குழந்தையை விட்டுவிட்டுப் போவதே இது வேலை செய்தால்தான். வசுமதி மேஜை இழுப்பறையைக் கிளறி, செத்துப்போன இன்வெர்ட்டர் போர்டு ஒன்றை எடுத்தாள். அதில் அரிசிப்பொரி அளவுக்கு வெள்ளியாக ஒரு கிரிஸ்டல் இருந்தது. உள்ளே ஒரு படிகத் தகடு, வெயில் மழை எதற்கும் பெரிதாக அலட்டிக்கொள்ளாமல் ஒரே சீராகத் துடிக்கிற சாமான். ஈயத்தை உருக்கி அதை உருவினாள். புகை மேலேறி விசிறிக் காற்றில் கலைந்தது, பிசின் வாசனை, அந்த வாசனை எப்போதும் அவளுக்குத் தைரியம் தரும், சம்பளம் வாங்கிய நாட்களின் வாசனை அது. டப்பாவின் சில்லோடு கிரிஸ்டலைச் சேர்த்து ஒட்டினாள். உன் நாடியை விட்டுவிடு, இனிமேல் இதன் நாடியைப் பிடித்துக்கொள் என்று ஓர் ஆணை எழுதி ஏற்றினாள். அம்மா ஒரு தட்டில் தயிர்சோற்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, அவள் இரண்டு கையும் வேலையில் இருப்பதைப் பார்த்து, தானே உருட்டி வாயில் திணித்தாள். வசுமதி மென்றுகொண்டே ஒட்டினாள். மாவடு ஒரு துண்டு வந்தது. பிறகு இன்னொரு உருண்டை. அம்மாவின் விரலில் பெருங்காய வாசனை. நாளைக்கு இந்த விரல் இருக்காது என்று ஒரு நினைப்பு குறுக்கே வந்தது. போகவிடத்தானே இத்தனை பாடுபடுகிறோம், போய்விட்டால் என்ன செய்வது என்று இன்னொரு நினைப்பு. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. அவள் வாயைத் திறந்து அடுத்த உருண்டையை வாங்கிக்கொண்டாள்.

மேலே கட்டினாள். வெயில் உச்சத்திலிருந்து சாய்கிற நேரம், கூரை இன்னும் கக்கிக்கொண்டுதான் இருந்தது. திரையில் ஏ. ஏ. ஏ. வெகுநேரம் பார்த்தாள், கண் பூத்துப்போகும்வரை. ஒன்றுக்கும் கொம்பு இல்லை. சோதனையை நிறுத்தினாள். இனிமேல் சத்தம் வந்தால் மட்டும் அனுப்பு. பட்டையை லேப்டாப்பிலிருந்து பிடுங்கி மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, வேண்டுமென்றே கொல்லைக்குப் போய், வாளியில் கிடந்த துணியை அலச ஆரம்பித்தாள். ஒரு சட்டைகூட முடியவில்லை, பட்டை துடித்தது. தண்ணீரை உதறிவிட்டு ஓடினாள். தூளிச் சேலையை விலக்கினால் ஆதிரை விழித்துக் கிடந்தாள், அழவில்லை. கால்கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள், தாயின் முகத்தைக் கண்டதும் பொக்கை வாய் முழுக்க விரிந்தது. வசுமதி சிரித்துவிட்டு, முகம் மாறி, டப்பாவைப் பார்த்தாள். மறுபடி கொல்லைக்குப் போனாள். மறுபடி துடித்தது. மறுபடி ஓடினாள். மறுபடி சிரிப்பு. இது என்ன. அழாத குழந்தைக்கு அழுகை என்று சொல்கிற சாமான். கொம்பு போய்ப் பொய் வந்துவிட்டது. தெருவில் வண்டி போனதா என்று ஜன்னலில் பார்த்தாள், வெறும் வெயில். மைக்கின் காதைக் கொஞ்சம் மந்தமாக்கினாள், என்ன வார்த்தை, மந்தமாக்கினாள். அப்படியும் துடித்தது. தூளியருகே நின்று பார்த்தாள், குழந்தை உதட்டைக் குவித்து எச்சிலில் ஒரு குமிழி விட்டுக்கொண்டிருந்தது, அமைதியாக, அவளுக்கு எல்லாமே அமைதிதான். பட்டை துடித்துக்கொண்டே இருந்தது. எதை நம்பி அம்மாவை அனுப்புவது. சும்மா சும்மா துடிக்கிற ஒன்றை நாலு நாள் நம்புவாள், ஐந்தாம் நாள் துடித்தால் சரிதான் போ என்று துணியைப் பிழிந்துகொண்டு நிற்பாள், அன்றைக்கு உண்மையாக இருக்கும். மறுபடி அந்த முகம், செங்கல் நிறத்தில். எவ்வளவு நேரம். அவள் பட்டையைக் கழற்றி மேஜையில் போட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் நிறைந்தது, அது கோபம்தான், வேறொன்றும் இல்லை.

அம்மா வந்து மோவாயைத் தொட்டுத் தூக்கினாள். "இன்னாம்மா." வசுமதி மேஜையைக் காட்டி, கையை அசைத்துச் சொன்னாள். பொய் சொல்கிறது. அழாதபோதெல்லாம் அடிக்கிறது. சும்மாவே அடிக்கிறது. அம்மா தூளியைப் பார்த்தாள். பிறகு மேஜையில் கிடந்து துள்ளிக்கொண்டிருந்த பட்டையைப் பார்த்தாள். மறுபடி தூளி. அவள் முகத்தில் ஏதோ நடந்தது, வசுமதிக்கு முகங்களைப் படிக்கத் தெரியும், ஆனால் இது அவள் இதுவரை படிக்காத பக்கம். "சும்மா இல்லடி," என்றாள் அம்மா மெதுவாக. "அது பேசினு கீது." வசுமதி புரியாமல் பார்த்தாள். மாவா பாவா என்று குழம்புகிற சொல்கூட இல்லை. "பேசினு கீது. தூங்கி எய்ந்தா அழறதில்ல இப்போலாம். தானா பேசிக்கும். புடவையோட, காத்தாடியோட." "என்ன பேசும்?" என்று விரலால் கேட்டாள். "இன்னாத்த பேசும். ங்கான்னும். ஆன்னும். உதட்டால புர்ருன்னு வண்டி ஓட்டும்." அம்மா குவித்த உதட்டைத் தன் புறங்கையில் வைத்து ஊதிக் காட்டினாள், பிறகு மகளின் புறங்கையை எடுத்து அதில் ஊதினாள். அந்த அதிர்வு. எச்சில் குமிழி. வசுமதி கேட்டாள், எப்போதிலிருந்து. "ஒரு மாசமா இருக்கும்." ஏன் சொல்லவில்லை. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உதட்டை மறைத்துக்கொள்ள அம்மாவுக்குத் தெரிந்த வழி அது, பிறந்த நாளிலிருந்து அவளிடமிருந்து ஒளிக்க வேண்டியதையெல்லாம் இப்படித்தான் ஒளித்திருக்கிறாள். வசுமதி எழுந்து சுற்றிவந்து முன்னால் நின்றாள். அம்மா சொன்னாள், "நீ கேக்க முடியாதத சொல்லி உன் மனச நோவடிக்கச் சொல்றியா. அழுதா சொல்லணும். சிரிச்சா நீயே பாத்துக்கற. பேசறத... அத நான் எப்பிடிச் சொல்றது."

நோகத்தான் செய்தது. இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு மாதமாக இந்த வீட்டில் பேச்சு நடந்திருக்கிறது, தனக்கு முதுகுப்பக்கத்தில், துவைக்கும்போதும் சமைக்கும்போதும். ஆனால் நோவோடு நோவாக வேறொன்றும் ஏறி வந்தது, நிற்க விடாமல். அவள் உட்கார்ந்து புரோகிராமைத் திறந்தாள். ஏ இருக்கட்டும், விடாமல் அழுதால் அதற்கு ஏ, பட்டை விடாமல் பலமாக அடிக்கட்டும். மற்ற நேரத்தில் எழுத்து வேண்டாம், சத்தத்தின் அளவை அனுப்பு, சின்னச் சத்தத்துக்குச் சின்ன எண், பெரிய சத்தத்துக்குப் பெரிய எண், ஓயாமல், பட்டை அதற்குத் தக்கபடி துடிக்கட்டும். எத்தனை எண்கள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றுகூடக் கொம்பு வைக்காமல். கிரிஸ்டல் தாங்கும். கை தடுமாறி இரண்டு இடத்தில் அரைப்புள்ளியை விட்டாள், திருத்தினாள், ஏற்றினாள். அம்மா உள்ளே போய்விட்டிருந்தாள். வசுமதி பட்டையைக் கட்டிக்கொண்டு தூளியருகே தரையில் முழங்காலிட்டாள். ஆதிரை அவளைப் பார்த்தாள். உதடு பிரிந்தது. மணிக்கட்டில் சன்னமாக ஒன்று தொடங்கி, ஏறி, வளைந்து, நின்றது. நின்ற இடத்தில் குழந்தை மூச்சு வாங்கியது. பிறகு இரண்டு சின்னது. பிறகு நீளமாக ஒன்று, முடியும்போது ஒரு வெட்டு. இது அழுகையின் வடிவம் இல்லை. இது எதையோ சொல்லி, கேட்கிறவள் தலையாட்டுகிறாளா என்று பார்த்து, மேலே சொல்கிற வடிவம். தணிகைவேல் பஸ்ஸைத் தவறவிட்ட கதையைச் சொன்ன மாதிரி. என் தங்கமே, என்ன ஆச்சு, யார் தவறவிட்டது. ஆதிரை காத்திருந்தாள். பதிலுக்கு.

பள்ளியில் டீச்சரின் தொண்டையில் கை வைத்துக் கற்றுக்கொண்ட குரல் ஒன்று வசுமதியிடம் இருந்தது. ஒரு தடவை பஸ்ஸில் கண்டக்டரிடம் ஊர்ப்பெயரைச் சொன்னாள், முன்சீட்டில் இருந்தவர்களெல்லாம் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். அன்றோடு அதை மடித்து வைத்துவிட்டாள். அது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, திரும்பிய முகங்கள் எப்படி இருந்தன என்பது தெரியும். இந்த முகம் திரும்பவில்லை. ஏற்கெனவே இந்தப் பக்கம்தான் இருக்கிறது. அவள் வாயைத் திறந்தாள். ங்கா. மணிக்கட்டில் கரடுமுரடாக, பெரிதாக ஒன்று அடித்தது, மேலே இருக்கும் மைக் இதையும் எடுத்துக்கொண்டுவிட்டது. இதுதானா என் குரல். அவள் பயந்து நிறுத்தினாள். ஆதிரையின் கண் அகன்றது, புருவம் ஏறியது, அழப்போகிறாள் என்று நினைக்கும்போது உடம்பு முழுக்க ஒரு உதை உதைத்து, வாயை முழுசாகத் திறந்தாள். சன்னமாகத் தொடங்கி, ஏறி, வளைந்து. வசுமதி பதில் சொன்னாள். கரடுமுரடு. சன்னம். கரடுமுரடு. ஒன்று முடியக் காத்திருந்து மற்றது. யாரும் சொல்லித்தராமலே அந்தக் குழந்தைக்கு முறை தெரிந்திருந்தது.

தரையில் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். அம்மா நின்றிருந்தாள், கையில் பாதி அரிந்த வெங்காயம். எத்தனை வருஷமாயிற்று இந்தக் குரலைக் கேட்டு என்று அவள் கேட்கவில்லை, முகம் கேட்டது. வெங்காயத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து மணிக்கட்டை நீட்டினாள். வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டு வசுமதி பட்டையைக் கட்டினாள். அம்மா தூளியைப் பார்த்தாள், பட்டையைப் பார்த்தாள். பிறகு இரண்டு உள்ளங்கையாலும் இரண்டு காதையும் அழுத்தி மூடிக்கொண்டு, கண்ணையும் மூடிக்கொண்டாள். அப்படி அம்மாவை அவள் பார்த்ததே இல்லை, இவ்வளவு அமைதியாக, எதற்கோ பயந்த சின்னப் பெண் மாதிரி. ஆதிரை பாட்டியை ஆராய்ந்தாள். பிறகு குழந்தையின் வாய் அசைந்தது. வசுமதிக்கு இப்போது அதன் துடிப்பு தெரியவில்லை, அவள் கையில் பட்டை இல்லை, அவள் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிய இமைகள் ஒரு தடவை நடுங்கின. உதடு கோணியது. பிறகு மெல்ல, தூக்கத்தில் சிரிக்கிறவள் மாதிரி, அம்மாவின் முகம் பட்டையோடு சேர்ந்து ஏறி, வளைந்து, நின்றது. வெகுநேரம் கழித்து அம்மா காதிலிருந்து கையை எடுத்தாள். மகள் பார்க்கும்படி முகத்தை நேராக வைத்துக்கொண்டு, வாயை அகலத் திறக்காமல், மற்றவர்களிடம் பேசுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். "காலைல மொத பஸ்ஸுக்கு நான் கெளம்பறன். நான் மட்டுந்தான்." சொல்லிவிட்டாள், ஆனால் பட்டையைக் கழற்றக் கையை நீட்டவில்லை.